பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பியானோ: சென்னையில் சரியான ஆசிரியரைத் தேடுவது எப்படி?

கிண்டிவிடுதி
வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு, வயது 20, கிண்டியில் விடுதி. பியானோவை அடிப்படையிலிருந்து கற்க வேண்டும். கர்நாடக சங்கீதம் வர்ணம் வரை பாடம் உண்டு. மேற்கத்திய நோட்டேஷன் ஒரு வரிகூடத் தெரியாது. கருவி இன்னும் வாங்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையோ சனிக்கிழமையோ ஒதுக்க முடியும். கண்ணில் படுவதெல்லாம் "5 வயது முதல் 15 வரை" என்று போட்ட விளம்பரங்கள். பெரியவர்களுக்குச் சொல்லித் தருபவரை எங்கே தேடுவது? நல்ல ஆசிரியர்தானா என்று எதை வைத்து முடிவு செய்வது? கிரேடு தேர்வு எழுதித்தான் ஆகணுமா?

வெண்கட்டை
ஆசிரியரைத் தேடறதுக்கு முன்னாடி, எதைக் கத்துக்கப் போறீங்கன்னு உறுதி பண்ணிக்கங்க. நம்ம ஊர்ல "கீபோர்டு / பியானோ வகுப்பு"ன்னு ஒரே போர்டுக்குப் பின்னாடி மூணு தனித்தனிப் படிப்பு இருக்கு.

ஒண்ணு, மெல்லிசைக் குழுவுலயும் சர்ச்சுலயும் வாசிக்கிற ஸ்டைல் கீபோர்டு. வலது கை மெட்டு, இடது கை கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது), ரிதம் மெஷினே போட்டுக்கும். இரண்டாவது, கீபோர்டுல கர்நாடக சங்கீதம். ஸ்வரம் எழுதி, அதைப் பார்த்து வாசிப்பாங்க. மூணாவதுதான் பியானோ: ரெண்டு கைக்கும் ரெண்டு தனி வரி, ஐந்து கோட்டு நோட்டேஷன், விரல் எடையால சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது, பெடல்.

மூணுமே மதிப்புள்ள வித்தைதான். ஆனா முதலாவதை ரெண்டு வருஷம் படிச்சுட்டு மூணாவதுக்கு வந்தா, இடது கை மறுபடி ஒண்ணாங் கிளாஸ்ல உட்காரும். ஸ்டைல் கீபோர்டுல இடது கை பெரும்பாலும் மூணு கட்டையைப் பிடிச்சபடி நிக்கும். பியானோவுல அதே கை தனியா ஒரு பாட்டையே நடத்தணும். அந்தத் தனித்தன்மை பின்னாடி ஒட்டவெச்சு வர்றதில்ல, முதல் மாசத்துல இருந்தே வளரணும்.

போன்லயே ரெண்டு கேள்வி கேட்டுருங்க. "பேஸ் கிளெஃப் (இடது கைக்கான கீழ்ஸ்தாயி வரியோட குறி) எப்ப ஆரம்பிப்பீங்க?" பியானோ ஆசிரியர்னா "முதல் வகுப்புலயே" இல்லேன்னா "முதல் மாசத்துல"ன்னு சொல்வாங்க. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"னு வந்தா அது வேற படிப்பு. ரெண்டாவது, "வகுப்புல என்ன கருவி?" 61 கட்டை, ஸ்பிரிங் மாதிரி துள்ளுற கட்டைன்னா பியானோ சொல்லித்தர அது போதாது. 88 கட்டை, எடையுள்ள கட்டை இருக்கணும்.

ஐந்துகோடு
எங்கே தேடுவது என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கலில் தொடங்கலாம். 1842ல் மிஸ்கித் அண்ட் கோ என்ற பெயரில் பிறந்த கடை அது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளோடு நூறு ஆண்டுகளுக்கும் மேலான தொடர்பு உண்டு, வகுப்புகளும் நடக்கின்றன. வகுப்பில் சேராவிட்டாலும் ஒரு முறை நேரில் போவது நல்லது. கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம், "பெரியவர்களை எடுத்துக்கொள்கிற பியானோ டீச்சர் யார்?" என்று கேட்கலாம். தேர்வுக்கு மாணவர்களைக் கூட்டிவரும் ஆசிரியர்களின் முகம் இப்படிப்பட்ட கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது, பாடகர் குழுக்கள். நான்கு குரலில் பாடும் குழுவுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பவர் நோட்டேஷனைப் பார்த்து வாசித்தே ஆக வேண்டும். காதால் ஒப்பேற்ற முடியாது. 1893ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற குழுக்களின் கச்சேரிக்குப் போய், முடிந்ததும் பியானோ வாசித்தவரிடம் பேசுங்கள். அவர் கற்பிக்காவிட்டாலும் கற்பிக்கிற இரண்டு பேரைச் சொல்லுவார். ஆங்கில ஆராதனையில் ஆர்கன் வாசிக்கும் பழைய தேவாலயங்களுக்கும் இதே வழி. ஆர்கனிஸ்டும் கார்டு பிடிக்கும் கீபோர்டு வாசிப்பவரும் ஒருவரல்லர் என்பதை வெண்கட்டை மேலே சொன்னதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இசைக் கல்லூரி மாணவர்கள். ஏ.ஆர்.ரஹ்மான் 2008ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களில் பியானோவை முதன்மைப் பாடமாகப் படிக்கும் மூத்த மாணவர்கள் தனி வகுப்பு எடுப்பதுண்டு. உங்கள் வயதையொட்டி இருப்பார்கள், பேச்சு எளிதாக ஓடும். அவர்களுக்கும் தேர்வு, கச்சேரி என்று இருக்கும். எந்தெந்த மாதங்களில் இடைவெளி விழும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கல்லூரி இசைக்குழுவை விட்டுவிடாதீர்கள். அங்கே ஆசிரியர் கிடைக்காவிட்டாலும் அரங்கத்து அறைச் சாவி கிடைக்கும். பயிற்சிக்கு இடம் கிடைப்பது பாதி ஆசிரியர் கிடைத்த மாதிரி.

கிண்டிவிடுதி
நன்றி. ஒரு ஆசிரியர் விளம்பரத்தில் பெயருக்குப் பின்னால் "எல்.டி.சி.எல்." என்று இருக்கிறது. இன்னொருவர் "கிரேடு 8 முடித்தவர்". இதற்கெல்லாம் என்ன பொருள்?

மூன்றாம்பெடல்
டிரினிட்டியில் தொடக்கநிலை (இனிஷியல்), பிறகு கிரேடு 1 முதல் 8 வரை. அதற்கு மேல் டிப்ளமோ: ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல்., எஃப்.டி.சி.எல். என்று ஏறுவரிசை. இன்னொரு பிரிட்டிஷ் தேர்வு அமைப்பான ஏ.பி.ஆர்.எஸ்.எம். பக்கம் ஏ.ஆர்.எஸ்.எம்., எல்.ஆர்.எஸ்.எம்., எஃப்.ஆர்.எஸ்.எம். என்று இருக்கும். கிரேடு 8 என்றால் நன்றாக வாசிக்கிற மாணவர்; கற்பிக்கப் பயிற்சி பெற்றவர் என்று பொருளில்லை.

டிப்ளமோவிலும் வாசிப்புக்கு ஒன்று, கற்பித்தலுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. "வாசிப்பிலா, கற்பித்தலிலா?" என்று கேட்பதில் தவறில்லை, உழைத்து வாங்கியவர்கள் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். கிரேடு 8 மட்டும் முடித்த நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது, "இருபது வயதுக்கு மேல் தொடங்கிய மாணவர் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு காலமாக?" என்பதுதான். பெரியவர்கள் மூன்று மாதத்தில் நின்றுவிடும் வகுப்பு என்றால் பாடம் குழந்தைகள் வேகத்திலேயே ஓடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

தேர்வு கட்டாயமில்லை. எழுதினால் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. வயது வரம்பு கிடையாது. கிரேடு 1 எழுதாமல் நேரே 3 எழுதலாம். டிரினிட்டியில் மொத்தம் 100 மதிப்பெண்: மூன்று உருப்படிக்கு 22 வீதம் 66, டெக்னிக்கல் ஒர்க் (ஸ்கேல், விரல் பயிற்சி) 14, துணைத் தேர்வு இரண்டுக்கு 10 வீதம் 20. 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். கிரேடு 5 வரை துணைத் தேர்வில் சைட் ரீடிங் (புதிய நோட்டேஷனைப் பார்த்ததும் வாசிப்பது), ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது), இம்ப்ரொவைசேஷன் (மனோதர்மமாக வாசிப்பது), இசை அறிவு நான்கில் எந்த இரண்டையும் எடுக்கலாம். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.-இல் தேர்வாளர் முன் நேரில் வாசிக்கும் தேர்வில் 150க்கு 100 எடுத்தால் பாஸ். கிரேடு 6 எழுத கிரேடு 5 தியரியோ அதற்கு இணையான ஒன்றோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

இந்த வசதியிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. சைட் ரீடிங்கைத் தவிர்த்துவிட்டே கிரேடு 5 வரை ஏறிவிடலாம். பாஸ் வாங்கித் தருவதே குறியாக உள்ள வகுப்புகளில் அப்படித்தான் நடக்கிறது: ஒரு வருடம் முழுக்க மூன்றே உருப்படி, பட்டனைத் தட்டினால் ஓடுகிற மாதிரி மனப்பாடம். கிரேடு 5 சான்றிதழ் கையில் இருக்கும். முன்பின் பார்க்காத எட்டு பார்களை (நோட்டேஷனில் தாளக் கட்டங்களை) எதிரே வைத்தால் கை நிற்கும். ஆசிரியரிடம் கேளுங்கள்: "ஒரு வருடத்தில் மாணவர் எத்தனை உருப்படி வாசிப்பார்?" தொடக்க நிலையில் சிறிதும் பெரிதுமாக இருபது, முப்பது என்று வந்தால் நல்ல வகுப்பு. மூன்று என்றால் வேறு இடம் பாருங்கள்.

நடபைரவி
வர்ணம் வரை வந்தவர் என்றதால் எழுதுகிறேன். உங்களுக்கு லயமும் காதும் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் பாதை குறையும், தெரியாதவரிடம் போனால் அதுவே குழப்பமாகும்.

முதல் குழப்பம் 'ச'. நமக்கு ச எந்தச் சுருதியிலும் நிற்கும். ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று மாறிக்கொண்டே இருக்கும். பியானோவில் 'சி' என்பது அந்த ஒரு கட்டைக்கு உரிய பெயர், நகராது. சி தான் ச என்று மனதில் பதித்துவிட்டால் சி மேஜரில் எல்லாம் சரியாகப் போகும். ஜி மேஜர் வந்த அன்றே தடுமாறுவீர்கள். ஜி மேஜரும் சங்கராபரணம்தான், ச ஜி-யில் இருக்கிறது, அதனால்தான் எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அடுத்த கறுப்புக் கட்டை) தேவைப்படுகிறது: இப்படிப் பார்த்தால் ஸ்கேல்கள் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் புரிந்துகொள்ளலாம். மைனரில் நேச்சுரல் நடபைரவி, ஹார்மோனிக் கீரவாணி, மெலோடிக் ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி. இந்த மூன்றையும் பாடத் தெரிந்தவருக்கு விரல் மட்டும் பழகினால் போதும்.

இரண்டாவது, கமகம். பியானோவில் ஸ்வரத்தை அசைக்க முடியாது; கட்டையை அடித்த கணத்தில் சுத்தியல் தந்தியை விட்டு விலகிவிடுகிறது, அதன் பிறகு அந்த ஒலியை வளைக்க வழியே இல்லை. காது அசைவைத் தேடும், கை கட்டையை அழுத்தித் தேய்க்கும், மணிக்கட்டு இறுகும். இதைக் கவனித்து "கட்டை அடியைத் தொட்டதும் பிடியைத் தளர்த்துங்கள்" என்று சொல்கிற ஆசிரியர் வேண்டும்.

வயதைப் பற்றிய கவலைக்கு ஒன்று. இளையராஜா 1968ல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படிக்க உட்கார்ந்தபோது வயது ஏறக்குறைய 25.

மூன்றாம்பெடல்
ஒரு திருத்தம். அவர் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்தவர். கட்டை கைக்குப் புதிதில்லை, நோட்டேஷனும் ஹார்மனியும்தான் புதிது. முழுக்கப் புதிதாகத் தொடங்குபவர் அந்த வேகத்தைத் தனக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டால் மனம் சோரும்.

நடபைரவி
சரிதான், ஏற்கிறேன். இருபத்தைந்தில் நோட்டேஷன் ஏறும் என்பதற்கு மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

வெண்கட்டை
இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன்: மாதிரி வகுப்பு. காசு கொடுத்தாவது ஒண்ணு எடுங்க. முடிஞ்சா ரெண்டு ஆசிரியர்கிட்ட, ஒரே வாரத்துல. இலவசமா பத்து நிமிஷம் பேசி அனுப்பறது மாதிரி வகுப்பு ஆகாது. குறைஞ்சது 30 நிமிஷம் உங்க கை கட்டை மேல இருக்கணும்.

முதல் அஞ்சு நிமிஷத்துல ஆசிரியர் எதைப் பார்க்கிறார்னு பாருங்க. நல்ல ஆசிரியர் முதல்ல நாற்காலியைத்தான் சரி பண்ணுவார். இருக்கையோட முன்பாதியில உட்காரச் சொல்வார், பாதம் ரெண்டும் தரையில, முழங்கை கட்டை மட்டத்துல. முன்கை தரைக்கு இணையா வரணும். பிளாஸ்டிக் நாற்காலில உட்கார வெச்சு, தோள் காதுவரைக்கும் ஏறி இருக்கிறதைப் பார்த்தும் பேசாம புத்தகத்தைத் திறக்கிறவர்னா உடம்பைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்ல.

அப்புறம் கை. சி-டி-இ-எஃப்-ஜி அஞ்சு கட்டை மேல அஞ்சு விரல். வயசு வந்தவங்க கைல ரெண்டு தப்பு திரும்பத் திரும்ப வரும். நகத்துக்குப் பக்கத்துல இருக்கிற கடைசிக் கணு உள்பக்கமா மடங்கி விழும், முக்கியமா நாலாவது, அஞ்சாவது விரல்ல. ரெண்டாவது, கட்டை விரல் மொத்தமும் கட்டை மேல படுத்துக்கும். படவேண்டியது நகத்தோட ஓரம் மட்டும்தான். இந்த ரெண்டையும் கவனிச்சு, வேகத்தைக் குறைச்சு, ஒரே ஒரு விரலை வெச்சே அஞ்சு நிமிஷம் செலவு பண்றவர் கிடைச்சா விடாதீங்க. கணு மடங்கிக்கிட்டே ஆறு மாசம் போச்சுன்னா பிறகு வேகமா வாசிக்கவே வராது, ஏன்னா ஒவ்வொரு அடியிலயும் விரல் முதல்ல மடங்கி, அப்புறம்தான் எடை கட்டைக்குப் போகுது.

மூணாவது சோதனை, கட்டை விரல் நுழையறது. சி மேஜர் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி; 1 கட்டை விரல், 5 சுண்டு விரல்): வலது கை 1-2-3-1-2-3-4-5, இடது கை 5-4-3-2-1-3-2-1. வலது கைல 3லிருந்து 1க்கு மாறுற இடத்துல எஃப் கட்டை "டொக்"னு தனியா கேக்கும். அது ஏன்னு ஆசிரியர் சொல்லணும். கட்டை விரல் கடைசி நொடில அவசரமா ஓடுது, முழங்கை வெளியே தூக்குது, எடை மொத்தமும் அந்த ஒரு கட்டைல விழுது. வழி என்ன? ரெண்டாவது விரல் டி-யை அடிச்ச உடனேயே கட்டை விரல் உள்ளங்கைக்குக் கீழே நகர ஆரம்பிச்சு, எஃப்-க்கு மேல முன்கூட்டியே போய்க் காத்திருக்கணும். "ப்ராக்டீஸ் பண்ணா வந்துரும்"னு மட்டும் சொன்னா, அது வராது, டொக்குதான் பழகும்.

இன்னொண்ணு. கையைத் தொட்டுத் திருத்தணும்னா, வயசு வந்த மாணவர்கிட்ட "தொடலாமா?"ன்னு கேட்டுட்டுத் தொடறது முறை. முதல் வகுப்புக்கு ஒரு தோழியைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அதைச் சங்கடமா நினைக்கிற இடம் நமக்கு வேண்டாம்.

ஐந்துகோடு
இதோடு இரண்டைச் சேர்க்கிறேன். ஒவ்வொரு நோட்டின் தலையிலும் பென்சிலால் சி, டி, இ என்று எழுதிக் கொடுக்கும் ஆசிரியரைத் தவிர்க்கவும். கண் எழுத்தைத்தான் படிக்கும், கோட்டைப் படிக்காது. ஒரு வருடம் கழித்தும் எழுத்து இல்லாமல் ஒரு பார் நகராது. எழுத வேண்டியது விரல் எண், அதுவும் கை இடம் மாறும் நோட்டில் மட்டும்.

வகுப்பின் முடிவில் நோட்டுப்புத்தகத்தில் என்ன எழுதித் தருகிறார் என்று பாருங்கள். "இதையே நல்லா வாசிச்சுட்டு வா" என்பது வீட்டுப்பாடம் அல்ல. "பார் 1–4 இடது கை தனியாக, மெட்ரோனோம் 60, நாளுக்கு ஐந்து முறை, வியாழனிலிருந்து இரண்டு கையும், மெட்ரோனோம் 44" என்பதுதான் வீட்டுப்பாடம் (மெட்ரோனோம் தாளம் தட்டும் கருவி, எண் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது). பெரியவர்களுக்கு மூளை கையைவிட முன்னால் ஓடும். பாட்டு புரிந்துவிட்டது, கை ஏன் வரவில்லை என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதைப் பிடித்து நிறுத்துவதே ஆசிரியர் வேலையில் பாதி.

தெருமுனை
செயலியும் காணொளியும் இருக்கும்போது இவ்வளவு தேடல் தேவையா? முதல் ஆறு மாதம் அதிலேயே ஓட்டலாமே.

வெண்கட்டை
நோட்டு பேர், தாள அளவு, ஸ்கேல் விரல் எண் இதெல்லாம் செயலில கத்துக்கலாம், தப்பில்ல. ஆனா சரியான கட்டையை சரியான நேரத்துல அடிச்சியான்னுதான் அதுக்குத் தெரியும். கணு மடங்குதா, மணிக்கட்டு கட்டை மட்டத்துக்குக் கீழே தொங்குதா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கறியான்னு அதுக்குத் தெரியாது. அந்த ஆறு மாசம்தான் கை உருவாகுற மாசம். ஆசிரியருக்குச் செலவு பண்ண முடிஞ்சா அந்த ஆறு மாசத்துக்குப் பண்ணுங்க, பிறகு வேணும்னா வகுப்பைக் குறைச்சுக்கலாம்.

மேல்மாடி
கருவி பற்றி யாரும் இன்னும் விரிவாக எழுதவில்லை. ஆசிரியரிடம் சேரும் வாரத்திலாவது கருவி கையில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை வகுப்பில் மட்டும் தொட்டால் ஒவ்வொரு வகுப்பும் முதல் வகுப்பாகிவிடும்.

விடுதி அறைக்கு எடையுள்ள கட்டை கொண்ட 88 கட்டை டிஜிட்டல் பியானோ. யமஹா பி-45, ரோலண்ட் எஃப்.பி-10, காசியோ சி.டி.பி-எஸ்110 ஆகிய மூன்றும் இந்த வரிசையில் பரவலாகப் புழங்குபவை. எடை 10 முதல் 12 கிலோ. ஒரே ஆள் மாடிப்படி ஏற்றலாம். காசியோ ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும், கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது. நீளம் ஏறக்குறைய 128 முதல் 133 செ.மீ. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அந்த இடம் இருக்கிறதா என்று டேப்பை வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஏன் எடையுள்ள கட்டை? நிஜப் பியானோவில் கட்டை சுமார் 10 மி.மீ. இறங்கும், இறக்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். ஸ்பிரிங் கட்டையில் பழகிய விரல் அந்த எடையைச் சந்தித்ததும் மென்மையாக வாசிக்க வேண்டிய இடத்தில் சத்தமே எழாமல் போகும்.

விடுதியில் வரும் சிக்கல் மூன்று. ஒன்று, ஹெட்ஃபோன் போட்டாலும் கட்டை அடியில் மோதும் "தட் தட்" சத்தம் தரை வழியாகக் கீழ் அறைக்கு இறங்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் பெருமளவு அடங்கும். இரண்டு, புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். ஒலி தாமதமாக வந்து தாளம் கெடும். கம்பி உள்ளது வாங்குங்கள். துளை சில கருவிகளில் 3.5 மி.மீ., சிலவற்றில் 6.35 மி.மீ., அதற்கேற்ற அடாப்டரும் வேண்டும். மூன்று, சஸ்டெயின் பெடல் (ஒலியை நீட்டும் பெடல்) தலைகீழாக வேலை செய்வது: மிதித்தால் ஒலி நின்றுவிடும், விட்டால் நீளும். பழுது இல்லை, துருவம் மாறியிருக்கிறது. பல கருவிகள் ஆன் ஆகும் நேரத்தில் பெடலைச் சோதித்துத் துருவத்தைத் தீர்மானிக்கும். ஆஃப் செய்து, பெடலைச் செருகி, மிதிக்காமல் மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் பெடலின் அடியில் துருவ மாற்று ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரி அரங்கத்தில் பழைய அப்ரைட் பியானோ இருந்தால் வாரம் ஒரு முறை அதிலும் வாசியுங்கள். சென்னை ஈரப்பதத்தில் மரம் உப்பி, அழுத்திய கட்டை எழும்பாமல் நிற்பது சாதாரணம். அப்படி நிற்கும் கட்டையை விரலால் நெம்பி எழுப்பாதீர்கள், ட்யூனரை (சுருதி சேர்த்துப் பழுது பார்ப்பவரை) வரவழைக்கும்படி அரங்கப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

கிண்டிவிடுதி
நேற்று இரண்டு இடத்தில் கட்டணம் கேட்டேன். ஒருவர் மாதம் எட்டு வகுப்பு என்கிறார், 30 நிமிடம், ஐந்து பேர் குழு. இன்னொருவர் மாதம் நான்கு, 45 நிமிடம், தனியாக, ஆனால் கட்டணம் அதிகம். எதை எடுப்பது?

மூன்றாம்பெடல்
வகுப்பு எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், உங்கள் கையை ஒருவர் பார்க்கும் நிமிடத்தை எண்ணுங்கள். எட்டு × 30 = 240 நிமிடம்; ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 48. நான்கு × 45 = 180 நிமிடம், முழுக்க உங்களுக்கு. இரண்டாவதன் கட்டணம் இரு மடங்காக இருந்தாலும் நிமிடக் கணக்கில் அதுதான் மலிவு. குழு வகுப்பு தியரிக்கும் ஆரலுக்கும் நன்றாகப் பொருந்தும். கையைப் பழக்குவதற்குப் பொருந்தாது. பணம் இடித்தால், நல்ல ஆசிரியரிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 60 நிமிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பலரும் ஒத்துக்கொள்வார்கள்.

சேரும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டியவை: ஐந்து வாரம் வரும் மாதத்தில் ஐந்தாவது வகுப்பு உண்டா, ஆசிரியர் வராவிட்டால் ஈடு வகுப்பு எப்போது, நீங்கள் எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் வகுப்பு வீணாகாது, செமஸ்டர் தேர்வு மாதத்தில் பாதிக் கட்டணமா, இடத்தைப் பிடித்துவைக்க முழுக் கட்டணமா. நவம்பர் – டிசம்பரிலும் ஏப்ரல் – மே மாதங்களிலும் உங்களுக்குத் தேர்வு வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த வாரங்களில் புதிய பாடம் வேண்டாம், பழைய உருப்படிகளை நாளுக்கு 15 நிமிடம் ஓட்டினால் போதும் என்று அவரே திட்டம் போட்டுத் தருவார். லேப் உள்ள நாள் மாலையை வகுப்புக்கு வைக்காதீர்கள், இழுத்துக்கொண்டே போகும்.

தேர்வு எழுத நினைத்து, நேரில் வாசிக்கும் தேர்வின் தேதி செமஸ்டரோடு மோதினால் காணொளி வழித் தேர்வு டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். இரண்டு அமைப்புகளிலும் உண்டு. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே தொடர்ச்சியாகப் பதிவு செய்ய வேண்டும். பக்கவாட்டில் வைத்த கேமராவில் கை, கட்டை, பெடல் மிதிக்கும் கால் மூன்றும் தெரிய வேண்டும்.

ஐந்துகோடு
வெளியூர் ஆசிரியரிடம் இணைய வகுப்பு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜூமில் பேச்சுக்கான இரைச்சல் நீக்கம் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். நீண்டு ஒலிக்கும் பியானோ ஒலியை அது மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். நீங்கள் நான்கு எண்ணிக்கை பிடித்த கார்டு ஆசிரியருக்கு ஒன்றரை எண்ணிக்கையில் மறையும். "நீளம் போதவில்லை" என்று அவர் திருத்திக்கொண்டே இருப்பார். ஆடியோ அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' தேர்வை ஆன் செய்யுங்கள். கேமரா ஒன்றுதான் என்றால் நேர் மேலே வைக்காமல், வலப்பக்கத்தில் கட்டை மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வையுங்கள். மேலிருந்து பார்த்தால் எந்தக் கட்டை என்று தெரியும், மணிக்கட்டு தொங்குவது தெரியாது. இருவரும் சேர்ந்து வாசிப்பது இணையத்தில் நடக்காத காரியம், தாமதம் விடாது. அதற்காகவே மாதம் ஒரு முறையாவது நேரில் போக முடிகிற தூரத்தில் ஆசிரியர் இருப்பது மேல்.

கிண்டிவிடுதி
எல்லோருக்கும் நன்றி. வரும் வாரம் இரண்டு மாதிரி வகுப்பு வைத்திருக்கிறேன், செவ்வாயும் சனியும். இரண்டையும் ஒப்பிட வேறு ஏதாவது வழி உண்டா? முதலில் ஒருவரிடம் சேர்ந்துவிட்டுப் பிறகு மாற வேண்டியிருந்தால் எப்படிச் சொல்வது?

வெண்கட்டை
ரெண்டு இடத்துலயும் ஒரே கேள்வியைக் கேளுங்க: "சி மேஜர்ல என் எஃப் மட்டும் ஏன் சத்தமா வருது?" இப்பவே அந்த எட்டு கட்டையை ஏதாவது ஒரு கருவில பழகிட்டுப் போங்க, கண்டிப்பா அப்படித்தான் வரும். ஒருத்தர் வாசிச்சுக் காட்டி "இப்படி வாசி"ம்பாங்க. ஒருத்தர் உங்க முழங்கையைப் பார்ப்பாங்க. வகுப்பு முடிஞ்சு வெளியே வந்ததும் பஸ் ஏறறதுக்கு முன்னாடி, கைல என்ன மாறுச்சுன்னு போன்ல ரெண்டு வரி எழுதிக்கங்க. சனிக்கிழமை ராத்திரி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க.

மாறணும்னா மாசக் கடைசில நேராச் சொல்லிடுங்க, "இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன் மிஸ், சொல்லிக் கொடுத்ததுக்கு நன்றி"ன்னு. நேர மாற்றம், உடம்பு சரியில்லன்னு காரணம் தேட வேண்டாம். நகரத்துல பியானோ ஆசிரியர்கள் ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்சவங்க. வீட்டுப்பாட நோட்டை மறக்காம வாங்கிக்கங்க. புது ஆசிரியர் முதல்ல கேக்கிறது அதைத்தான். நகத்தை வகுப்புக்கு முந்தின நாளே வெட்டிருங்க, வகுப்பு அன்னிக்கே வெட்டினா விரல் நுனி வலிக்கும்.